முடியாத கதைக்குப் பொங்கலில்லை

மாமி மீன் வாங்கும்போது மீனைப் பார்ப்பது கடைசியில்தான். முதலில் விற்கிறவரின் முகத்தைப் பார்ப்பார். "இது இண்டைக்குப் பட்ட மீனா?" என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரைக்கும் கண்ணை எடுக்கமாட்டார். பதில் வந்த பிறகும் எடுக்கமாட்டார். யாராவது செவுளைத் தூக்கிச் சிவப்பைக் காட்டினால், "செவுள மூடு, உன்ட மூஞ்சியக் காட்டு" என்பார். இலங்கையின் மேற்குக் கரையில், எங்கள் உடப்புச் சந்தையில், அவரைத் தூரத்தில் கண்டதுமே தலையைக் குனிந்து தராசைத் துடைக்கத் தொடங்குகிறவர்கள் இருந்தார்கள்.

எனக்கு அவர் சொந்த மாமி இல்லை. என் கூட்டாளி சுதனின் அம்மா. ஆனாலும் வாசலில் என்னைக் கண்டால் "வாங்க மருமகன்" என்றுதான் கூப்பிடுவார். அவருக்கு மகள் கிடையாது என்பதால் அந்த உபசாரத்தில் எனக்கு ஒரு லாபமும் இருக்கவில்லை.

சந்தேகம் என்றால் அப்படியொரு சந்தேகம். பால்மா பக்கற் வாங்கினால் கடை வாசலிலேயே பிரித்து நாக்கில் வைத்துப் பார்ப்பார். கோயில் ஒலிபெருக்கியில் அன்னதானம் என்று அறிவித்தால், அடுப்பு எரிகிறதா என்று ஆள் அனுப்பிப் பார்த்துவிட்டுத்தான் வீட்டு உலையை இறக்குவார். ஒருமுறை ஆஸ்பத்திரியில் டொக்டர், "ஒண்டுமில்ல அம்மா, சும்மா காய்ச்சல்" என்று சிரித்தார். "ஒண்டுமில்லாட்டி ஏன் சிரிக்கிறீங்க?" என்று கேட்டு அந்த மனிதரைத் திணறடித்துவிட்டார். நல்ல செய்தியை நல்ல முகத்தோடு சொல்கிறவர்களை மாமிக்குக் கண்ணிலும் காட்டக்கூடாது.

இப்படிப்பட்ட மனுசி, பொடியன்கள் விளையாடும் ஒரு கம்பியூட்டர் கேமில் மனதைப் பறிகொடுத்தார் என்றால் யாரும் நம்பமாட்டார்கள். நான் பக்கத்தில் இருந்து பார்த்தவன்.

யுத்தம் முடிந்து சில வருசங்கள் ஆகியிருந்தன. சுதன் அவர்கள் வீட்டு முன்னறையில் பழைய கம்பியூட்டர்களைப் போட்டு, மணித்தியாலத்துக்கு இவ்வளவென்று பொடியன்களை விளையாட விட்டான். அவனைக் கடலுக்கு அனுப்புவதில்லை என்பது மாமியின் பிடிவாதம். தகப்பன் கடலில் போனவர். அதனால் கரையிலேயே ஒரு தொழில். மாமி பின்னால் ஒரு பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்து நேரம் பார்ப்பார். யார் கூடுதலாக விளையாடி ஏமாற்றுகிறான் என்று பார்க்க உட்கார்ந்தவர், மெல்ல மெல்லத் திரையைப் பார்க்கத் தொடங்கினார்.

அதில் ஒரு கதை மூன்று பாகமாக வந்தது. நாங்கள் அதைக் கப்பல் கதை என்போம். ஒரு ஊரின் சூரியன் அணைந்துகொண்டு வருகிறது. அந்தச் சனங்களுக்கு வேறு இடம் தேடி ஒரு பெண் கப்டன், ஆகாயத்தில் கப்பலோட்டிப் போகிறாள். வழியில் யாரைக் கப்பலில் ஏற்றுவது, யாரை இறக்கிவிடுவது, யார் பேச்சைக் கேட்பது என்பதையெல்லாம் விளையாடுகிறவன்தான் தீர்மானிக்க வேண்டும். முதல் பாகத்தில் செய்த பிழை மூன்றாம் பாகம் வரைக்கும் துரத்திக்கொண்டு வரும்.

எல்லாம் இங்கிலிஷ். நான் அப்போது ஆலங்குடாவில் ஒரு ஹோட்டலில் வேலை. பட்டத்தில் தொங்கிக்கொண்டு கடலில் ஓடும் வெள்ளைக்காரர்களோடு கதைத்துக் கதைத்து எனக்குப் பாஷை கொஞ்சம் பழகியிருந்தது. லீவு நாட்களில் வந்து, திரையில் அவர்கள் சொல்வதைத் தமிழில் சத்தமாகச் சொல்வேன். சுதன் விளையாடுவான். மாமி பார்ப்பார். முதல் கொஞ்ச நாள் அவர் பார்த்தது என் முகத்தை. நான் சரியாகத்தான் சொல்கிறேனா என்று, பள்ளிக்கூடத்தில் இங்கிலிஷ் படிப்பிக்கிற பக்கத்து வீட்டு மிஸ்ஸையும் ஒருநாள் கூட்டிவந்து, அதே துண்டைத் திரும்பப் போடச் சொல்லி ஒத்துப்பார்த்தார். எனக்கு ரோசம் பொத்துக்கொண்டு வந்தது. மிஸ் "சரியாத்தான் சொல்றார்" என்ற பிறகும் மாமி, "ரெண்டு பேரும் முன்னமே கதைச்சீங்களோ?" என்று கேட்டார்.

ஆனால் அந்தக் குணத்தால்தான் நாங்கள் அந்தக் கேமில் தப்பினோம். கப்பலில் ஒரு வைத்தியன் இருந்தான். மிகவும் நல்லவன். எல்லோருக்கும் அவனைப் பிடிக்கும். மாமி மட்டும், "இவன் எல்லார்கிட்டயும் ஒரே மாதிரிப் பேசுறான். இறக்கி விடு" என்றார். சுதன் அரைமனதோடு இறக்கிவிட்டான். மாம்புரியிலும் சிலாபத்திலும் அதே கேமை விளையாடிய பொடியன்களின் கப்பலில் அந்த வைத்தியன் இரண்டாம் பாகத்தில் பாதிப் பேரைக் கொன்றான். எங்கள் கப்பலில் ஒரு உயிர்கூடப் போகவில்லை. அதற்குப் பிறகு மாம்புரிப் பொடியன்கள் சைக்கிளில் வந்து, "மாமி, அந்த ஒற்றைக் கண்ணன நம்பலாமா?" என்று கேட்டுப் போவார்கள். மாமியும் யோசித்துத்தான் பதில் சொல்வார்.

அந்த நாட்களில் எங்கள் கரையில் இரண்டு பேச்சுத்தான். யார் களவாக வள்ளமேறி ஒஸ்ரேலியாவுக்குப் போனது, யார் போய்ச் சேர்ந்தது. வெளிச்சமாகச் சொல்லமாட்டார்கள். ஒரு வீட்டில் திடீரென்று மோட்டார் சைக்கிளை விற்றால் எல்லோருக்கும் விளங்கிவிடும். சுதனுக்கும் அந்த ஆசை பிடித்தது. எனக்கும் பிடித்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மாமியிடம் சொன்னபோது அவர் சுளகை நிலத்தில் வைத்தார். "கடலுக்கே விடமாட்டன் எண்டு வச்சிருக்கிறன், நீ கடலாலயே போறன் எங்கிறியா?" என்றார். சுதன் விடவில்லை. போகாவிட்டால் இந்த ஓட்டைக் கம்பியூட்டரோடு கிழவனாகிவிடுவேன் என்றான். அவன் போவதா நிற்பதா என்ற இழுபறிக்கு நடுவில்தான் மூன்றாம் பாகம் வந்தது.

எங்கள் கோயிலில் திருவிழாக் காலத்தில் கதை படிப்பார்கள். அதில் வரும் யுத்தத்தில் எத்தனை பேர் செத்தாலும், முடிசூட்டு வரைக்கும் படிக்காமல் கதையை நிறுத்தமாட்டார்கள். சாவில் நிறுத்தினால் ஊருக்கு ஆகாது. முடிசூட்டி, பொங்கி, எல்லோருக்கும் கொடுத்த பிறகுதான் கதை முடிந்த கணக்கு. மாமி அதே முறையை முன்னறைக்கும் கொண்டுவந்தார். கடைசிக் கட்டம் என்று சுதன் சொன்ன ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், ஒரு பானை சர்க்கரைப் பொங்கல் வைத்து, முந்திரிகை வற்றல் தூவி, வாழையிலை கிழித்து அடுக்கிவிட்டு வந்து கதிரையில் உட்கார்ந்தார். அறை முழுக்கப் பொடியன்கள். ஜன்னலிலும் பொடியன்கள்.

கப்பல் புதிய ஊரின் வாசலுக்கு வந்தது. அங்கே ஒரு கிழவன் உட்கார்ந்திருந்தான். "மூன்று வழி இருக்கிறது, ஒன்றைத் தெரிந்தெடு" என்றான். சண்டை பிடிக்கலாம், பணியலாம், திரும்பிப் போகலாம். சுதன் மாமியைத் திரும்பிப் பார்த்தான். மாமி, "கிழவனச் சுடு" என்றார். அப்படியொரு வழி இருக்கவில்லை. சண்டை என்ற பொத்தானை அமத்தினான். கப்பலில் விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. நாங்கள் கட்டிக் காப்பாற்றிய ஆட்கள் எல்லோரும் இருட்டில் போனார்கள். கடைசியில் வெறுங்கப்பல் மிதந்துகொண்டு போக, கேமைச் செய்தவர்களின் பேர் திரையில் ஓடத் தொடங்கியது.

அந்தக் கட்டத்தைத் திரும்ப ஏற்றி, பணிவதை அமத்தினோம். அதே இருட்டு. திரும்பிப் போவதை அமத்தினோம். அதே இருட்டுத்தான். ஜன்னலில் நின்ற ஒருவன் அழுதான். வருசக்கணக்கில் யோசித்து யோசித்து எடுத்த முடிவெல்லாம் ஒன்றுக்கும் உதவவில்லை என்று முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது.

மாமி எழும்பினார். "கதை முடியல்ல. ஒருத்தரும் பொங்கலத் தொடக்கூடாது" என்றுவிட்டு, பானையை மூடிக் குசினிக்குள் கொண்டுபோனார். பொடியன்கள் வெறும் இலையோடு நின்றார்கள். அடுத்தநாள் அது புளித்துப்போய்க் கோழிக்குத்தான் போனது.

முதலில் சந்தேகம் டீவீடி விற்ற சிலாபத்துக் கடைக்காரன் மேல் விழுந்தது. தியேட்டரில் நேரம் போய்விட்டதென்று கடைசி ரீலை ஓட்டாமல் விட்டதை மாமி சின்ன வயதில் கண்டிருக்கிறார். அதே களவுதான் இது என்றார். என்னையும் இழுத்துக்கொண்டு பஸ் ஏறிப் போய், டீவீடியை மேசையில் போட்டு, "மல்லி, மேக்கே அந்திம கேல்ல கோ?" என்று சிங்களத்தில் அதட்டினார். தம்பி, இதன் கடைசித் துண்டு எங்கே என்று அர்த்தம். அந்தப் பொடியன் பாவம், அன்றைக்கு அவனிடம் அதே கேள்வியோடு வந்த முதல் ஆள் மாமி இல்லை. கையெடுத்துக் கும்பிடாத குறையாக, முடிவே அவ்வளவுதான் அம்மா, என்னை விடுங்கள் என்றான். மாமி அவன் முகத்தை நெடுநேரம் பார்த்தார். வெளியே வந்து, "இவன் களவெடுக்கல்ல" என்றார். அது அவர் ஒருவருக்குக் கொடுத்த பெரிய நற்சான்று.

அதற்குப் பிறகு வேறொன்று கண்டுபிடித்தார். "அந்தக் கிழவன்ட நிழல் விழல்ல, கவனிச்சியா? கப்டனுக்கு விழுது. அவனுக்கு விழல்ல. அவள் முன்னம் தலையில அடிபட்டு விழுந்தாளே, அதோட எழும்பவே இல்ல. பொறகு நடந்ததெல்லாம் எதிரி அவளுக்குக் காட்டின கனவு." ஓடவிட்டுப் பார்த்தேன். கிழவனுக்கு நிழல் விழவில்லை என்பது உண்மை. எங்கள் கம்பியூட்டருக்கு நிழல் ஒழுங்காகக் காட்ட வலு இல்லை என்பதும் உண்மை. நான் இரண்டாவதைச் சொன்னேன். மாமி முதலாவதைப் பிடித்துக்கொண்டார்.

ஹோட்டலுக்கு வந்த ஒரு ஜெர்மன்காரனிடம் இதைச் சிரிப்புக்காகச் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை. அவனும் அதே கேமை விளையாடியவன். பியர் போத்தலைக் கீழே வைத்துவிட்டு அந்த முடிவைத் திட்டத் தொடங்கினான். அவனுடைய ஊரிலும் ஆட்கள் இதே கனவுக் கதையைத்தான் சொல்லிக்கொண்டு திரிகிறார்களாம். சனங்களின் கோபம் தாங்காமல் கம்பனி முடிவை நீட்டித் தரப்போகிறது என்றும் சொன்னான். சொன்னபடி வந்தது. ஹோட்டல் இன்டர்நெட் லைனில் இறக்கிக்கொண்டு ஓடினேன். மாமி கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

நீட்டித்தான் இருந்தார்கள், மாற்றவில்லை. கப்பல் அதே மாதிரி இருட்டியது. அதற்குப் பிறகு சூரியன் அணைகிற ஊரைக் காட்டினார்கள். கப்டனின் சின்ன மகள் வாசலில் நிற்கிறாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து, "அம்மா வந்துகொண்டிருக்கிறாள், வழியில் கண்டவர்கள் இருக்கிறார்கள்" என்று அவள் தலையைத் தடவுகிறார்கள். இனிமையான மியூசிக். நான் அதையும் தமிழில் சொன்னேன். சொல்லச் சொல்ல மாமியின் முகம் கறுத்தது.

"செத்த வீட்டுக்குப் பந்தலப் பெருசாப் போட்டுக் குடுத்திருக்காங்க," என்றார். "நிப்பாட்டு."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. மாமியின் புருசன் போன வள்ளம் கவிழ்ந்த சங்கதி கரையில் எல்லோருக்கும் அன்றைக்கே தெரியும். மாமிக்குச் சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை. காற்று மாறிவிட்டது, கற்பிட்டிப் பக்கம் ஒதுங்கியிருப்பார்கள் என்றார் ஒருவர். மாம்புரியில் கண்டவர்கள் இருக்கிறார்கள் என்றார் இன்னொருவர். மாமி ஒவ்வொரு நாளும் சோறாக்கி மூடி வைத்துக்கொண்டு வாசலில் நின்றிருக்கிறார். உண்மை தெரிந்த பிறகு, பொய் சொன்ன ஒவ்வொரு வீட்டுக்கும் போய், "உங்களுக்கு எப்ப தெரியும்?" என்று கேட்டாராம். என் அம்மாவும் சொன்னவர்களில் ஒருத்தி. "நல்லதுக்குத்தானே சொன்னம்" என்று அம்மா இன்றைக்கும் சொல்வாள். மாமி அதை நல்லதென்று ஒருநாளும் எடுத்ததில்லை. எனக்கும் இப்போது அப்படித்தான் படுகிறது.

அந்தக் கிழமையே, ஒஸ்ரேலியாவுக்கு ஆள் அனுப்புகிற ஏஜென்ட் மாமி வீட்டுக்கு வந்தார். வெள்ளைச் சேட்டு, நல்ல சிரிப்பு. கேம் ஓடிய அதே அறையில், அதே கதிரையில் உட்கார்ந்தார். நானும் சுதனும் சுவரோடு நின்றோம்.

"பயப்பிடாதீங்க அம்மா. பெரிய மீன்பிடி றோலர். சாப்பாடு, தண்ணி, மருந்து எல்லாம் இருக்கு."

"ஓட்டுறது யாரு?"

"அனுபவசாலி அம்மா."

"பேரு?"

"அதெல்லாம் சொல்ல ஏலாது. பிள்ளைகள்ட பாதுகாப்புக்குத்தான்."

"எஞ்சின் நிண்டா?"

"நிக்காது."

"நிண்டா?"

"அம்மா, ஒண்டுக்கும் யோசிக்காதீங்க. முன்னம் போனவங்கட குரலக் கேளுங்க." ஃபோனில் ஒரு பதிவைப் போட்டார். ஒரு பொடியனின் குரல். வந்து சேர்ந்துவிட்டோம், நல்ல சுகம், சாப்பாடு நல்லம், கவலைப்பட வேண்டாம் என்றது. சுதனின் முகம் மலர்ந்தது. மாமி, "திரும்பப் போடுங்க" என்றார். திரும்பப் போட்டார். "இன்னொருக்கா."

மூன்றாம் முறை கேட்டுவிட்டு மாமி சொன்னார், "பின்னால பாண்காரன்ட ஓட்டோ போகுது."

எங்கள் பக்கத்தில் காலையும் பின்னேரமும் பேக்கரிப் பாண் விற்கிற ஓட்டோ ஒரு மெட்டுப் போட்டுக்கொண்டு வரும். பிள்ளைகள்கூட அந்த மெட்டுக்குத் தெரு வாசலுக்கு ஓடிவருவார்கள். நானும் காதைக் கொடுத்துக் கேட்டேன். ஏதோ மணிச்சத்தம் மாதிரி இருந்தது. பாண் ஓட்டோவா என்றால், எனக்குச் சொல்லத் தெரியாது. ஏஜென்ட் கொஞ்சமும் அசையவில்லை. "அது ஐஸ்கிறீம் வேன் அம்மா. அங்கயும் பாட்டுப் போட்டுத்தான் விப்பாங்க" என்று சிரித்தார். பிற்காலத்தில் விசாரித்தேன். அங்கே ஐஸ்கிறீம் வேன் பாட்டுப் போட்டுக்கொண்டு போவது உண்மைதான்.

அவர் போன பிறகு மாமி, "எத்தின விதமாக் கேட்டன், எல்லாத்துக்கும் ஒரே பதில். அந்தக் கிழவன்கிட்ட எத அமத்தினாலும் கப்பல் இருட்டினது மாதிரி. போகாத மகன்" என்றார்.

சுதன் வெடித்தான். "கேம் பாத்து என்ட வாழ்க்கைய முடிவெடுக்கிறீங்களா? உங்களுக்கு ஒருத்தர்லயும் நம்பிக்கை இல்ல. நான் போவன்."

போனோம். கரை வரைக்கும்தான் போனோம். வள்ளத்தில் ஏறுவதற்கு முன்னமே நேவி காத்துக்கொண்டு நின்றது. எங்களைப் பிடித்துப் பொலிசில் வைத்து, பிறகு பிணையில் விட்டார்கள். ஏஜென்டை அதற்குப் பிறகு ஒருவரும் காணவில்லை. கொடுத்த காசு போனது போனதுதான். எனக்கும் வேலை போனது.

யாரோ காட்டிக் கொடுத்திருக்கிறார்கள் என்பது பச்சைக் குழந்தைக்கும் விளங்கும். ஊர் முழுக்கச் சந்தேகம். தேத்தண்ணிக் கடையில் நான்கு பேர் இருந்தால் நால்வரும் மற்ற மூவரையும் பார்த்தார்கள். என்னையும் பார்த்தார்கள். கடைசியில் பழி ஐஸ் லொறி ஓட்டிவருகிற சிங்கள மனிதரில் வந்து விழுந்தது. அன்றைக்குப் பின்னேரம் அவர் கரையில் நின்றதைக் கண்டார்களாம். அவர் எங்கள் கரைக்கு வருசக்கணக்காக வருகிறவர். அவர் வேற்று ஆள் என்பதைத் தவிர வேறு சாட்சி ஒன்றும் இருக்கவில்லை. யுத்தம் முடிந்த காலத்தில் அது போதுமாயிருந்தது. ஒருநாள் காலை கரைவலை இழுத்து முடிந்த கையோடு பொடியன்கள் லொறியைச் சுற்றி வளைத்து, கண்ணாடியை உடைத்து, அந்த மனிதரின் சேட்டுக் கொலரைப் பிடித்து இறக்கினார்கள். சுதனும் நின்றான். நானும் நின்றேன்.

மாமி மணலில் அவசரமில்லாமல் நடந்து வந்தார்.

"அவர விடுங்க. நான்தான் சொன்னது."

ஒருவருக்கும் விளங்கவில்லை. திரும்பவும் சொன்னார். "நான்தான் பஸ் ஏறிப் போய்ப் பொலிசுல சொன்னன். எந்த இடம், எத்தினை மணி, எல்லாம். எனக்கு அந்த ஏஜென்ட நம்ப ஏலாமப் போச்சு."

லொறிக்காரரின் கொலரைப் பிடித்திருந்த கை தானாக விட்டது. கெட்ட வார்த்தைகள் வந்தன. யாரோ ஒருவன் மண்ணை அள்ளி எறிந்தான். மாமி நின்ற இடத்திலேயே நின்று சுதனை மட்டும் பார்த்தார். அவன் கிட்ட வந்து, சத்தம் போடாமல் சொன்னான்.

"அப்பாவக் கடல் கொண்டு போச்சு. என்ன நீங்க புடிச்சுக் குடுத்தீங்க."

அதற்குப் பிறகு அவன் அந்த வீட்டில் சாப்பிடவில்லை. கொஞ்ச மாதத்தில் கட்டாருக்குப் போனான், பிளேனில், முறையாக. போகும்போது அம்மாவிடம் சொல்லவில்லை. கம்பியூட்டர்களை யாரோ வாங்கிக்கொண்டு போனார்கள். முன்னறை பூட்டியே கிடந்தது.

எனக்கும் கோபம்தான். இன்றைக்கும் கொஞ்சம் இருக்கிறது. அதே ஏஜென்ட் முன்னம் அனுப்பிய இன்னொரு வள்ளம் போய்ச் சேர்ந்தது. அதில் போனவர்களில் சிலரைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள், சிலர் அங்கேயே வீடும் காருமாக இருக்கிறார்கள். வேறொரு வள்ளம் போய்ச் சேர்ந்ததா, கடலோடு போனதா என்று இன்றுவரை இரண்டு விதமான பேச்சு. ஆக, மாமி செய்தது சரியா பிழையா என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது. அந்த லொறிக்காரர் விசயத்தில் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம், ஊரும் மகனும் அவரோடேயே இருந்திருப்பார்கள் என்பது மட்டும் எனக்கு நிச்சயமாகத் தெரியும். அதனால்தான் கோபம் இருந்தும் அவர் வாசலை நான் விடவில்லை.

சுதன் எனக்கு ஃபோன் எடுப்பான். கரையில் மீன் படுகிறதா, கோயிலில் யார் இந்த முறை உபயம், எல்லாம் கேட்பான். அம்மாவைப் பற்றி மட்டும் கேட்கமாட்டான். நானாகத் தொடங்கினால் லைன் வெட்டுப்படும்.

கடைசியாக நான் போனபோது மாமி குசினி வாசலில் இருந்து மீன் கழுவிக்கொண்டிருந்தார். தலை நன்றாக நரைத்திருந்தது.

"கதைச்சானா மருமகன்?"

"ஓம் மாமி. நேத்துக் கதைச்சான். உங்களச் சுகம் கேட்டான்."

மாமி கையை உதறிவிட்டு என்னைப் பார்த்தார். நான் எவ்வளவுதான் முகத்தை நேராக வைத்திருந்தாலும் அவரிடம் பலிக்காது.

"அவன் கேக்கல்ல," என்றார். குரலில் கோபம் இல்லை. "நீயும் உங்கம்மா மாதிரி."

எனக்குத் தலை குனிந்தது. மாமி அடுத்த மீனை எடுத்துக் கழுவினார். பிறகு கேட்டார்.

"சரி, அத விடு. அவன்ட குரல நீயே கேட்டியா? உன்ட காதால?"

"ஓம் மாமி. என்ட காதாலதான். நேத்துப் பின்னேரம்."

"அப்ப இருக்கான்," என்றார். வேறொன்றும் கேட்காமல் சட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.